சேம அச்சு முதல் ஸ்டெப்னி வரை

அதியமான் நெடுமான் அஞ்சியையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பாடிய ஔவையார், புறநானூற்றின் இரண்டு பாடல்களில் தச்சுத் தொழிலிலிருந்து உவமை எடுத்தாள்கிறார். 87-ஆம் பாட்டில், ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்கவல்ல தச்சன் ஒருவன், ஒரு மாதம் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைச் சக்கரத்திற்கு அதியமானை ஒப்பிடுகிறார். 102-ஆம் பாட்டில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. எருதுகள் நுகத்திற்குப் புதியவை. வண்டியில் சுமை மிகுதி. வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று முன்னறிந்தார் எவருமில்லை. ஆதலின் உமணர் வண்டியின் அடிமரத்தில் மற்றுமோர் அச்சினைச் சேர்த்துக் கட்டிச் செல்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். பொகுட்டெழினி தன் மக்களுக்கு அத்தகைய காவல் என்பது அப்பாட்டின் கருத்து.

இவ்விரு பாடல்களும் தகடூருக்கு உரியவை. இன்றைய தருமபுரியே அன்றைய தகடூர். 1981-இல் வெளிப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியை வரலாற்று மன்னனாக உறுதிப்படுத்தியது. அம்மன்னர் குடியைப் பாடிய புலவர் இரண்டு உண்மைகளை அடுத்தடுத்து உணர்த்துகிறார். வண்டியைச் செம்மையாகச் செய்ய வேண்டும் என்பது ஒன்று. எவ்வளவு செம்மையாகச் செய்தாலும் வழி அதனைச் சோதிக்கும், அதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. பட்டறைக்கு ஓர் உவமையும் சாலைக்கு ஓர் உவமையுமாக அமைந்த இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டு, தொடக்கக் கால மோட்டார் வண்டிகளின் பழுதறிந்து தீர்த்த கலையையும், அவ்வண்டிகளைச் சாலையில் ஓட்டிச் சோதித்த முறையையும் நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழியே ஆசான்

செருமனியில் கார்ல் பென்சு என்பவர் 1886-ஆம் ஆண்டு சனவரி 29-ஆம் நாள் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். பட்டறையில் ஓடிய வண்டி ஊர்விட்டு ஊர் செல்லுமா என்பதில் மக்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்சு, தம் இளம் மைந்தர் இருவரை உடனழைத்துக்கொண்டு, கணவரிடம் சொல்லாமலே மன்ஹைம் நகரிலிருந்து போர்ட்ஸைம் வரை ஏறத்தாழ 104 கிலோமீட்டர் தொலைவு அவ்வண்டியை ஓட்டிச் சென்றார்.

அப்பயணத்தில் நேர்ந்த பழுதுகளும் அவற்றை அவர் தீர்த்த விதமும் இன்றும் வியப்பூட்டுவன. எரிபொருள் செல்லும் குழாய் அடைபட்டபோது தம் தொப்பியில் செருகியிருந்த ஊசியால் அடைப்பை நீக்கினார். மின்பொறிக் கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றிக் காப்பிட்டார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் என்னும் கறைநீக்கும் நெய்யை வாங்கி ஊற்றினார். சங்கிலியைச் சரிசெய்யக் கொல்லரை நாடினார். இறக்கத்தில் தடைக்கட்டைகள் தேய்ந்துபோகவே, செருப்புத் தைப்பவர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மீது தோல் தைப்பித்தார். மேடு வந்தபோதெல்லாம் மைந்தர் இறங்கித் தள்ளினர். ஊர் திரும்பியபின் மேடேறுவதற்கென இன்னுமொரு கியர் வேண்டும் என்று அவர் உரைத்த கருத்தின்படி வண்டி திருத்தப்பட்டது.

உலகின் முதல் நெடுந்தூரச் சாலைச் சோதனை இதுவே எனலாம். சோதனைக்குரிய கூறுகள் அனைத்தும் இதில் உள்ளன. வண்டி தன் ஊரைவிட்டு வெளியேறுகிறது. பழுது வழியிலேயே கண்டறியப்படுகிறது. கைக்கு எட்டிய பொருளால் அது தீர்க்கப்படுகிறது. பெற்ற பட்டறிவு பட்டறைக்குத் திரும்பி அடுத்த வண்டியை மேம்படுத்துகிறது. உமண வண்டியின் அச்சைக் கூர்ந்து நோக்கியவர் ஒரு பெண்பாற் புலவர். மோட்டார் வண்டியை முதன்முதலில் நெடுவழியில் செலுத்திக் குறை கண்டவரும் ஒரு பெண். இவ்வொற்றுமை எண்ணி மகிழத்தக்கது.

பின்னர் இச்சோதனை முறை ஒழுங்கு பெற்றது. 1900-ஆம் ஆண்டில் பிரித்தானிய மோட்டார் கழகம் ஆயிரம் மைல் சோதனை ஓட்டம் ஒன்றை நடத்தியது. இலண்டனிலிருந்து எடின்பரோ சென்று மீண்ட அவ்வோட்டத்தில் 65 வண்டிகள் புறப்பட்டன. செங்குத்தான மலைச் சரிவுகள் தனித் தேர்வுகளாக அமைக்கப்பட்டன. விரைவைக் காட்டிலும், நின்றுவிடாமல் ஓடும் திறமே அங்கு மதிப்பிடப்பட்டது.

சென்னையில் எழுந்த முயற்சி

தமிழகத்தில் மோட்டார் வண்டி வெறும் இறக்குமதிப் பொருளாக மட்டும் நின்றுவிடவில்லை. 1840 முதல் குதிரை வண்டிகளைக் கட்டிப் புகழ்பெற்றிருந்த சென்னைச் சிம்ப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன், 1903-இல் நீராவியால் இயங்கும் மோட்டார் வண்டி ஒன்றை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டிக்காட்டினார். இந்தியாவில் கட்டப்பெற்ற முதல் மோட்டார் வண்டி என அது போற்றப்படுகிறது. தச்சரும் கொல்லரும் தோல் வினைஞரும் ஒரே கூரையின்கீழ் இருந்த வண்டிப் பட்டறையே மோட்டார் வண்டிக்கும் பிறப்பிடமாயிற்று என்பது கருதத்தக்கது.

நீராவி வண்டியின் குறைகள் தனித்தன்மை உடையவை. கொதிகலனில் ஆவி அழுத்தம் எழும்வரை காத்திருக்க வேண்டும். வழியில் அடிக்கடி நீர் நிரப்ப வேண்டும். நீரில் உப்பும் சுண்ணமும் மிகுந்தால் குழாய்களில் படிவு சேரும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை ஓட்டுநர் ஓயாது கவனித்தல் வேண்டும். கவனம் தவறின் கொதிகலனே கெடும். இக்காரணங்களால் பெட்ரோல் வண்டி மெல்ல மெல்ல அதனை வென்றது.

1907-இல் சென்னை மாகாணத்திற்கெனத் தனி மோட்டார் வண்டிச் சட்டம் இயற்றப்பட்டது. 1914-இல் இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், மதுரையை நடுவிடமாகக் கொண்டு 1910-களின் தொடக்கத்திலேயே பேருந்துப் போக்குவரத்தில் இறங்கினார். கோவையில் ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டினார். நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் பணிபுரிந்து பொருள் சேர்த்து அதனை வாங்கி, முற்றப் பிரித்துப் பூட்டிப் பார்த்தே தொழில் கற்றார் என்பது பலரும் அறிந்த செய்தி. பிரித்துப் பூட்டுதலே அன்றைய பாடத்திட்டம்.

பழுது நாடும் கலை

தொடக்கக் கால வண்டியில் எச்சரிக்கை விளக்குகளோ அளவுமானிகளோ பெரும்பாலும் இல்லை. ஓட்டுநரின் செவியும் மூக்கும் கண்ணும் கையுமே கருவிகள். நோயின் காரணத்தை முதலில் தேர்ந்து, பின் அதனைத் தீர்க்கும் வழியை நாடச் சொல்லும் திருக்குறள் மருந்து அதிகாரத்தின் நெறியே பட்டறையின் நெறியுமாயிற்று.

வண்டி கிளம்பவில்லை என்றால் மூன்று வினாக்களை வரிசையாக எழுப்பினர்: பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? இரண்டும் வந்தால் அவை உரிய காலத்தில் சந்திக்கின்றனவா? பிளக்கைக் கழற்றி என்ஜினின் உலோகத்தின்மேல் கிடத்தி, ஹாண்டிலைச் சுற்றினால் பொறி தெறிப்பது தெரியும். தெறிக்காவிடில் பிளக்கில் கரி படிந்திருக்கலாம்; மேக்னட்டோவின் முனைகள் தேய்ந்திருக்கலாம்; கம்பியில் ஈரம் புகுந்திருக்கலாம். பொறி நன்றாயின் கார்புரேட்டரை நோக்குவர். அதன் நுண்துளையை அடைக்க ஒரு தூசி போதும். தகரக் கலங்களில் வந்த பெட்ரோலில் நீர் கலந்திருக்கக்கூடும் என்பதால் மெல்லிய தோல்வழியே வடிகட்டி ஊற்றினர். தோல் பெட்ரோலை விடும், நீரைத் தடுக்கும்.

ஹாண்டில் சுற்றுவதே ஓர் அபாயகரமான கலையாக இருந்தது. பொறி தெறிக்கும் நேரத்தை முந்தச் செய்யவும் பிந்தச் செய்யவும் ஓட்டுநர் கையருகே ஒரு நெம்புகோல் உண்டு. அதனைப் பிந்தும் நிலையில் வைக்க மறந்து ஹாண்டிலைச் சுற்றினால் என்ஜின் எதிர்த்திசையில் உதைக்கும், மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒருபுறமே சேர்த்துப் பிடிக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்க வேண்டும் என்பன அக்காலப் பட்டறைகளில் கற்றுத்தரப்பட்ட முதற்பாடங்கள்.

ஓடும் வண்டியில் தாளம் தப்பினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய எளிய முறை ஒன்று இருந்தது. மரப்பிடி போட்ட திருப்புளியால் ஒவ்வொரு பிளக்காக என்ஜினின் உலோகத்தோடு தொடுத்து அதன் பொறியை நிறுத்துவர். ஒலி மாறினால் அந்தச் சிலிண்டர் நலமாக உள்ளது. மாறாவிடில் குறை அங்கேயே உள்ளது. புகை கறுத்தால் பெட்ரோல் மிகுதி. நீலம் பாய்ந்தால் எண்ணெய் எரிகிறது. திருப்புளியின் நுனியை என்ஜின்மீதும் பிடியைக் காதின்மீதும் வைத்து உள்ளிருந்து வரும் தட்டொலியைப் பிரித்தறிந்தனர். நாடி பார்க்கும் மருத்துவர்க்கும் இவர்க்கும் வேறுபாடு மிகுதியில்லை.

கிளட்ச் அக்காலத்தில் தோல் போர்த்திய கூம்பு வடிவில் இருந்தது. அதில் எண்ணெய் பட்டால் வழுக்கும். வண்டி இரையும், நகராது. உலர்ந்த களிமண் பொடியைத் தூவி எண்ணெயை உறிஞ்சச் செய்தனர். தோல் காய்ந்து இறுகினாலோ வண்டி குதித்துப் புறப்படும். அதற்கு மருந்து விளக்கெண்ணெய். கோடை வெயிலில் மற்றொரு நோய் வரும். குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துவிடும். ஈரத்துணியைக் குழாயில் சுற்றிச் சற்றுநேரம் நிழலில் காத்திருப்பதே தீர்வு.

தகடூர்ச் சாலையின் தேர்வு

தருமபுரி நிலத்தின் அமைப்பு வண்டிகளுக்கு ஒரு நிலையான தேர்வுக்களமாகும். சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. தொப்பூர்க் கணவாய் ஏறித் தருமபுரியை அடைகையில் உயரம் 460 மீட்டரைக் கடக்கிறது. காவேரிப்பட்டினம் அருகே தென்பெண்ணையைத் தாண்டிக் கிருட்டிணகிரி சென்று, சூளகிரி வழியே ஓசூர் சேர்கையில் 880 மீட்டரை எட்டுகிறது. சேலத்திலிருந்து பெங்களூர் செல்லும் வண்டி ஒவ்வொன்றும் இப்படிகளை ஏறியே ஆகவேண்டும்.

இம்மாவட்டத்தில் சாலையின் இன்றியமையாமைக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் குறுகிய இருப்புப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தோடு அப்பாதை மறைந்தது. 1960-களின் பிற்பகுதியில் சேலம், பெங்களூர் இருப்புப்பாதை அமையும்வரை தருமபுரி நகரத்து மக்களும் ஓசூர் மக்களும் மோட்டார் வண்டியையே முற்றிலும் நம்பி வாழ்ந்தனர். வண்டி வழியில் நின்றால் அந்நாளின் சந்தை நின்றது; நோயாளியின் பயணமும் நின்றது. பழுது நீக்குபவரின் கை அக்காலத்தில் எத்துணை மதிப்புடையது என்பதை இதனால் உணரலாம்.

ஏற்றத்தில் பழைய வண்டிகளுக்கு நேர்ந்த இடர்கள் பல. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு டி மாதிரி வண்டியில் பெட்ரோலை ஏற்றும் பம்பு இல்லை. இருக்கைக்கு அடியிலிருந்த கலத்திலிருந்து பெட்ரோல் தானே வழிந்து என்ஜினுக்கு வரவேண்டும். செங்குத்தான மேட்டில் வண்டியின் முன்புறம் உயர்ந்துவிடுவதால் பெட்ரோல் வாராது. எனவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேறினர். பின்செல்லும் கியர் வலிமை மிக்கதாதலின் அதுவும் துணைசெய்தது. ரேடியேட்டர் நீர் கொதிப்பது ஏற்றத்தின் மற்றோர் இடர். கொதிக்கும்போதே மூடியைத் திறந்தால் முகம் வெந்துபோகும். பொறுத்திருந்து, என்ஜினை ஓடவிட்டே சிறிது சிறிதாக நீர் ஊற்றுதல் வேண்டும். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னோக்கி உருளாதபடி சக்கரத்தின்கீழ் கட்டை வைப்பது கிளீனரின் கடமை.

போர்க்காலத்தில் பெட்ரோல் அரிதானபோது கரிவாயுவால் வண்டிகள் ஓட்டப்பட்டன. டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான வாயுக் கருவியைத் தானே வடிவமைத்துச் செய்தது. வண்டியின் பின்புறம் உயர்ந்த உருளை அடுப்பு, அதில் மரக்கரி, கிளீனர் கையால் ஊதுவிசிறியைச் சுற்றிச் சுற்றிக் கனலேற்றியபின்பே வாயு பிறக்கும். அவ்வாயு பெட்ரோலைவிட வலுக்குறைந்தது. மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடந்தனர். சில வேளைகளில் தள்ளவும் செய்தனர். பெர்த்தா பென்சின் மைந்தர் செய்ததை அரை நூற்றாண்டு கழித்துத் தமிழகப் பயணிகள் செய்தனர்.

ஆயினும் ஏற்றம் வண்டியை நிறுத்தும்; இறக்கமே உயிரைப் பறிக்கும். பழைய ஓட்டுநர்கள் இதனை நன்கறிந்திருந்தனர். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர்களது விதி. கியரில் இருக்கும் என்ஜின் தானே வண்டியைப் பிடித்து நிறுத்தும். தடைக்கு வேலை குறையும். தடையை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பதால் காலால் இயக்கும் தடையையும் கையால் இயக்கும் தடையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். தோல் கருகும் வாடை எழுந்தவுடன் வண்டியை ஓரங்கட்டினர்.

இவ்வறிவு பழங்கதை ஆகிவிடவில்லை. தொப்பூர் இறக்கம் இன்றும் விபத்துக்குப் பெயர்போன இடமாகவே உள்ளது. நாற்கரச் சாலையும் எச்சரிக்கைப் பலகைகளும் வந்தபின்னரும், டீசலை மிச்சப்படுத்தக் கியரை நியூட்ரலில் தள்ளிப் பாரச் சுமையோடு இறங்கும் சரக்குந்துகள் கட்டிழந்து முன்செல்லும் வண்டிகள்மீது மோதுகின்றன. அளவு மீறி ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். அளவுக்குமேல் சுமை ஏற்றிய வண்டிகள் அக்குறளின் முன்னே நாள்தோறும் தொப்பூரில் இறங்கிக்கொண்டிருக்கின்றன. பழைய ஓட்டுநரின் விதி மறக்கப்பட்டதற்கு உயிர்களே விலையாகின்றன.

சொல் பிறந்த பட்டறை

தொடக்கக் கால வண்டிகளைப் பெரிதும் வருத்தியது டயர். எருதுகளின் இலாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் சாலையெங்கும் கிடந்தன. காற்றடைத்த டியூபுக்கு அவையே எமன். முற்கால வண்டிகளில் மாற்றுச் சக்கரம் இல்லை. பஞ்சரானால் வழியிலேயே டயரைக் கழற்றி டியூபை ஒட்டிக் காற்றடிக்க வேண்டும். 1904-இல் வேல்சு நாட்டின் லனெத்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் உடன்பிறப்புகள், காற்றடித்த டயரோடு கூடிய ஒரு வளையத்தைச் செய்து விற்றனர். பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதனைப் பிணைத்து ஓட்டிச் செல்லலாம். அத்தெருவின் பெயரே அப்பொருளின் பெயராயிற்று. பிறந்த நாட்டில் அச்சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. தமிழகச் சாலையோரத்தில் இன்றும் வழங்குகிறது. தொலைதூரப் பிரேசில் நாட்டிலும் அது எஸ்தெப்பி எனத் திரிந்து வாழ்கிறது.

ஸ்டெப்னி என்னும் பொருளுக்குரிய எண்ணம் தமிழுக்குப் புதிதன்று. உமணர் வண்டியின் அடிமரத்தில் அது கட்டப்பட்டிருந்தது. சேம அச்சு என்னும் சொல்லை ஏட்டில் காத்த தமிழ்ச் சமூகம், சாலையில் அதனை மறந்துவிட்டது. சேமச் சக்கரம் என்று வழங்கியிருந்தால் அது மொழிபெயர்ப்பாக இருந்திராது. பழஞ்சொல்லின் மீட்சியாகவே இருந்திருக்கும். கலைச்சொல் ஆக்குவோர் சங்கப் பாடலையும் பட்டறையையும் ஒருசேர நோக்காமையே இக்குறைக்குக் காரணம் எனலாம்.

அதே வேளையில் பட்டறை தானே படைத்த சொற்களைப் புறக்கணித்தலும் ஆகாது. வண்டி மூச்சு வாங்குகிறது, திணறுகிறது, இழுக்கவில்லை, படுத்துவிட்டது என்று ஓட்டுநர் கூறும்போது அவர் எருதின் மொழியை இரும்புக்கு ஏற்றுகிறார். ஓட்டுநர் என்னும் பெயர்கூட மாடோட்டியவரிடமிருந்து வந்ததே. எந்தப் பேரகராதிக் குழுவும் கூடாமல், எந்தப் புலவரும் அறியாமல், கிரீஸ் படிந்த கைகளுக்கு இடையே நிகழ்ந்த உருவகப் படைப்பு இது.

நிறைவாக

1965 அக்டோபர் 2-இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் உருவாயிற்று. அதன் பகுதியாக இருந்த ஓசூரில் 1980-இல் அசோக் லேலண்டு சரக்குந்துகளும் டி.வி.எஸ். 50 என்னும் சிறுவண்டியும் உருவாகத் தொடங்கின. 2004-இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமானபோது ஓசூர் அதனுடன் சென்றது. உமண வண்டி சென்ற நிலத்தில் இன்று நாள்தோறும் ஆயிரக்கணக்கான வண்டிகள் பிறக்கின்றன. அவற்றைக் கணிப்பொறி சோதிக்கிறது. பழுதின் எண்ணைத் திரை காட்டுகிறது. திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்போர் அருகி வருகின்றனர்.

வரலாறு கிரீனின் பெயரை வைத்திருக்கிறது. சுந்தரம் அய்யங்காரையும் நாயுடுவையும் போற்றுகிறது. தொப்பூர் மேட்டில் கட்டை போட்ட கிளீனரையும், ஒலி கேட்டே குறை சொன்ன பட்டறைத் தொழிலாளியையும் அது எழுதி வைக்கவில்லை. ஔவையாரும் எட்டுத் தேர் செய்த தச்சனின் பெயரைக் கூறவில்லை. ஆனால் அவன் ஒரு மாதம் எண்ணிச் செய்தான் என்பதைக் கூறினார். அவன் உழைப்பின் தன்மையை மன்னனின் பெருமைக்கே அளவாக்கினார். தருமபுரிச் சாலையோரப் பட்டறைகளில் வழங்கும் சொற்களும், முதிய ஓட்டுநர்கள் நினைவில் வைத்திருக்கும் விதிகளும் இன்னும் ஒரு தலைமுறைக் காலமே எஞ்சியிருக்கக்கூடும். அவற்றைக் கேட்டுத் தொகுத்தல் தகடூர் மரபில் வந்த கவிஞர்க்கும் இலக்கிய மன்றங்களுக்கும் உரிய பணியாகும்.